மஞ்சள் பருக்கை

குற்றாலிங்கம் ஆளை முகத்தால் நினைவு வைத்துக்கொள்வதில்லை, முதுகால் வைத்துக்கொள்வார். போன வருடம் வந்தவர் சட்டையோடு எதிரே நின்று "அண்ணாச்சி, சௌக்கியமா?" என்றால் விழிப்பார். அவரே சட்டையைக் கழற்றித் திரும்பி உட்கார்ந்ததும், "சாத்தூர் சாரா? எடது தோளு எறங்கிருக்கே, இன்னும் அந்த ஸ்கூட்டரத்தான் ஓட்டுதீகளா?" என்று கேட்பார்.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. ஆறு பேர் அங்கே எண்ணெய் தேய்க்கிறார்கள். மேலிருந்து மூன்றாவது படி குற்றாலிங்கத்துடையது. இருபத்தாறு வருடமாக அங்கேதான் பாய் விரிக்கிறார். ஐம்பத்து நான்கு வயது. இலஞ்சியில் வீடு. மனைவி முத்துசெல்வி பள்ளிக்கூடச் சத்துணவில் சமைக்கிறாள். ஒரே மகள் கட்டிக்கொடுத்து ஓசூரில் இருக்கிறாள்.

தன் கட்டைவிரலுக்குத் தெரியாத நோய் கிடையாது என்பது அவருடைய கட்சி. சர்க்கரை, வாயு, தூக்கமின்மை எல்லாம் விரலுக்குத் தட்டுப்படும். "நாலாவது எலும்புக்கிட்ட கல்லு மாதிரி இருந்தா வீட்டுல சண்டைன்னு அர்த்தம்" என்பார். குப்புறக் கிடப்பவர் பேசாமல் இருப்பார். அதையே ஒப்புதலாக எடுத்துக்கொள்வார்.

சாரல் சீசன் மூன்று மாதம். மற்ற ஒன்பது மாதமும் அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். படிக்கட்டில் இருக்கிற ஆறு பேருக்குள் ஒரு பேச்சு உண்டு. சீசனில் தொடர்ந்து எட்டு நாள் பாய் விரிக்காத படி வேறு ஆளுக்குப் போய்விடும். காத்திருக்கிறவர்களுக்குக் குறைவில்லை. குற்றாலிங்கமே அப்படிக் காத்திருந்து, ஒருவர் பேத்திக்குக் காது குத்தப் போய் ஒன்பதாம் நாள் திரும்பி வந்தபோது அந்தப் படியில் உட்கார்ந்திருந்தவர்தான்.

ஆட்கள் அதிகம் வருகிற நேரம் காலை ஐந்திலிருந்து பதினொன்று வரை. அந்த நேரத்தில் ஒதுங்கப் போய்விட்டுத் திரும்பினால், நமக்குக் காத்திருந்த ஆள் அடுத்த படியில் குப்புறக் கிடப்பான். அதனால் குற்றாலிங்கம் தண்ணீர் குடிப்பதில்லை. மலையிலிருந்து அத்தனை தண்ணீர் காதுக்குப் பக்கத்தில் விழுந்துகொண்டிருக்க, காலை முழுவதையும் ஒரு டீயில் கடத்துவார். முட்டிக்கொண்டு வந்தாலும் அடக்கிக்கொள்வார். அதைத் தன் தொழில் திறமைகளில் ஒன்றாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

இந்த வருடம் ஆனி பாதியில் அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலித்தது. கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். வாயுப் பிடிப்பு என்று முடிவு செய்தார். நான்காவது படி விஜய்பாண்டியைக் கூப்பிட்டுத் தேய்க்கச் சொன்னார். விஜய்பாண்டி அவரைவிடப் பத்து வயது இளையவன். மூன்று நாள் தேய்த்தான்.

"அமுக்குலே. சோறு திங்கலையா நீ?"

"அமுக்கத்தான் செய்யுதேன் அண்ணாச்சி. பிடிப்பு எடம் மாறல்ல செய்யுது."

நான்காம் நாள் பிடிப்பு காய்ச்சலாக மாறியது. நீர் கடுத்தது. பல் அடித்துக்கொள்ளும்படி குளிர் வந்தது. முத்துசெல்வி ஆட்டோ பிடித்துத் தென்காசிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் ஸ்ரீவித்யா பன்னிரண்டு கட்டில் உள்ள சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிறவர். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. குற்றாலிங்கத்தைத் திரும்பி உட்காரச் சொல்லி, விலாவுக்குக் கீழே மடக்கிய கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"யம்மா!" என்று கத்திய குற்றாலிங்கம், மூச்சு வந்ததும், "தட்டுதது சரியில்ல டாக்டரம்மா. உள்ளங்கையைக் குழிச்சித் தட்டணும்" என்றார்.

"எப்படித் தட்டினாலும் இப்படித்தான் கத்துவீங்க அண்ணாச்சி. கிட்னியில கிருமி. தண்ணி குடிக்கிறதில்லையா?"

"குடிச்சா போவணுமே."

"போகணும்ல?"

"போனா ஆளு போயிருவானே."

டாக்டர் முத்துசெல்வியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, நீளமான வெள்ளை மாத்திரை ஒன்றை எழுதினார். காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு பதினான்கு நாள். காய்ச்சல் நின்றாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறைய தண்ணீர், அடக்கவே கூடாது. குற்றாலிங்கம் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா? சத்துக்குச் சிவப்பா ஒரு மாத்திரை குடுப்பாகளே, அதை எழுதலையே?"

"உங்களுக்குச் சத்துக் குறைச்சல் இல்ல. கிருமிதான்."

"சரி, கிருமியை இது கொன்னுரும். கிருமி செத்த பெறவு அந்த எடம் சும்மாத்தானே கெடக்கும்? அதை நெரப்ப வேண்டாமா?"

இந்தக் கேள்விக்குப் படிப்பில் பதில் சொல்லித் தரவில்லை. டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "சின்னப் பிள்ளைகளுக்கு இந்த நோய் வந்தா கிட்னியில தழும்பு விழும். கூடவே சில விட்டமின் கொடுத்தா தழும்பு குறையுமான்னு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. குறையற மாதிரி இருக்குன்னு கொஞ்சம் பேர் சொல்றாங்க. பெரியவங்களுக்கு இன்னும் தெளிவா ஒண்ணும் தெரியாது. அதுவும் வேற விட்டமின், நீங்க கேக்கிற சிவப்பு மாத்திரை இல்ல."

குற்றாலிங்கத்தின் காதில் நடு வாக்கியம் மட்டும் விழுந்தது.

"அப்ப குறையுதுல்லா. எழுதுங்க."

வெளியே இன்னும் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் எழுதினார். எழுதிவிட்டு வெள்ளை மாத்திரையின் பெயருக்கு அடியில் இரண்டு கோடு போட்டார். "இதை விட்டா ஆபத்து. சிவப்பை விட்டா ஒண்ணும் ஆகாது. புரியுதா?"

"புரியுது."

மருந்துக்கடையில் பிரின்ஸ் இரண்டையும் எடுத்து வைத்தான். வெள்ளை மாத்திரை மங்கலான வெள்ளி அட்டையில், மருந்து போலவே இருந்தது. சிவப்புக் குளிகையோ மாதுளை முத்து மாதிரிப் பளபளத்தது. குற்றாலிங்கம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மற்றதை முத்துசெல்வி பையில் போட்டாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் படிக்கட்டுக்குத் திரும்பிவிட்டார். "கிருமி செத்துட்டு. விட்டமின் போட்டா கிட்னியில தழும்பே விழாதாம். டாக்டரம்மா சொல்லுதாக" என்று ஐந்து படிக்கும் கேட்கச் சொன்னார். ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுவந்திருந்தார். பத்து மணிக்கு அது வேலையைக் காட்டியது. கட்டணக் கழிப்பறைக்கு ஓடினார். அவர் வீட்டுக் குளியலறையில் சிமெண்டுத் தரை, மங்கலான விளக்கு. இங்கே வெள்ளை ஓடு, குழல் விளக்கு. அந்த வெளிச்சத்தில் அவர் பார்த்தது சாதாரண மஞ்சள் அல்ல, மாரியம்மன் கோயில் கொடை விழாவில் ஊற்றுகிற மஞ்சள்.

திரும்பி வந்தவர் பாயில் உட்காரவில்லை.

"பாண்டி, இங்கன வா. மஞ்சளாப் போவுதுலே."

"எம்புட்டு மஞ்ச?"

குற்றாலிங்கம் சுற்றிலும் பார்த்தார். அருவிக்குப் போகிற ஒரு பெண்ணின் சேலையைக் காட்டினார்.

விஜய்பாண்டி எழுந்து நின்றான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து இருபத்தொரு நாள் கிடந்தான். அதிலிருந்து அந்த நோய்க்கு அந்த வட்டாரத்தில் தானே அத்தாரிட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தான். குற்றாலிங்கத்தைச் சிப்ஸ் கடை வாசலுக்கு இழுத்துப்போய்க் கீழ் இமையைப் பிதுக்கிப் பார்த்தான். கடைக்கு மேலே மஞ்சள் தார்ப்பாய் கட்டியிருந்தது.

"கண்ணும் மஞ்சத்தான். எதுக்கும் பருக்கை போட்டுப் பாத்துருவோம்."

மறுநாள் காலை குற்றாலிங்கம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு வந்தார். விஜய்பாண்டி அதில் பத்துச் சோற்றுப் பருக்கையைப் போட்டு மூடி, அருவிக்கு முதுகைக் காட்டி வைத்தான். ஏன் அப்படி வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பது மணிக்குத் திறந்து பருக்கைகளைத் தாளில் தட்டினான். பத்தும் எலுமிச்சை சாதமாகியிருந்தன.

"காமாலையேதான்" என்றான் விஜய்பாண்டி. குரலில் வருத்தத்தைவிடத் திருப்தி கூடுதலாக இருந்தது. "அந்த வெள்ளை மாத்திரை ஈரலைத் தாக்கிட்டு. இங்கிலீஷ் மருந்து ஒண்ணைச் சரியாக்கி ஒண்ணைக் கெடுக்கும். மொதல்ல அதை நிப்பாட்டுங்க. காலையில வெறும் வயித்துல கீழாநெல்லி. உப்பு, புளி, எண்ணெய் ஆகாது."

"சிவப்பு?"

விஜய்பாண்டி யோசித்தான். "அது மருந்து இல்லல்லா, சத்து. பத்தியத்துல ஆளு வாடிப் போவான் பாத்துக்கிடுங்க. அதை ரெண்டாப் போடுங்க."

"காய்ச்சல் திரும்ப வந்தா?"

"கிருமிதான் செத்துட்டுல்லா? நீங்கதான சொன்னீக."

அதுவும் சரியாகத்தான் பட்டது. பத்தியம் எத்தனை நாள் என்று கேட்டார். இருபத்தொன்று என்றான் விஜய்பாண்டி. குற்றாலிங்கம் அப்படியே படியில் உட்கார்ந்தார். எண்ணெய் ஆகாது. எட்டு நாள் தாண்டினால் படி போய்விடும்.

"திங்கத்தான ஆகாது. தொடலாம்லாலே?"

"தோலு வழியா ஏறும் அண்ணாச்சி. நாம ஊருக்கெல்லாம் அதைச் சொல்லித்தான தேய்க்கோம்?"

இருபத்தாறு வருடமாகத் தானே சொல்லிவந்ததை மறுக்க அவரால் முடியவில்லை.

முத்துசெல்வி நம்பவில்லை. "டாக்டரம்மாகிட்ட ஒரு போன் போட்டுக் கேப்போம்" என்றாள்.

"கேட்டா அவுக இன்னொரு மாத்திரை எழுதுவாக. அது வேற எங்கயாவது தாக்கும்."

"பாண்டி என்ன படிச்சிருக்கான்?"

"அவனுக்கு வந்திருக்குட்டி. டாக்டரம்மாவுக்கு வந்திருக்கா?"

முத்துசெல்வி வேண்டாவெறுப்பாகக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள். உப்பில்லாத மோர்ச்சோறு போட்டாள். சிவப்புக் குளிகை தீர்ந்ததும் பிரின்ஸ் கடைக்குப் போனாள். "மத்த மாத்திரை இருக்காக்கா?" என்று பிரின்ஸ் கேட்டான். இருக்கிறது என்றாள். இருக்கத்தான் செய்தது. இருபது மாத்திரை டப்பாவில் அப்படியே இருந்தது.

காமாலை அசையவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் விஜய்பாண்டி பருக்கை போட்டான். ஒவ்வொரு முறையும் முன்னைவிட நல்ல மஞ்சளாக வந்தது. பத்தியத்தை இறுக்கினான். மோரிலும் வெண்ணெய்ச் சத்து இருக்கிறது என்று சொல்லி அதையும் நிறுத்தினான். ஆள் வாடுகிறாரே என்று சிவப்புக் குளிகையை மூன்றாக்கினான். அடுத்த நாள் பருக்கையைக் கழிப்பறை விளக்கில் காட்டியபோது மின்னியது. "முத்துன காமாலை அண்ணாச்சி. நான்கூட இம்புட்டு மஞ்சளா இருந்ததில்ல" என்றான் விஜய்பாண்டி. அவன் குரலில் லேசான பொறாமை இருந்ததாகக் குற்றாலிங்கத்துக்குத் தோன்றியது.

படி போய்விடக் கூடாது. குற்றாலிங்கம் தினமும் வந்தார். இரண்டு கையிலும் பாலித்தீன் பையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டுக்கொண்டு தேய்த்தார். முதுகில் சரக் சரக்கென்று சத்தம் வந்தது.

"என்னய்யா இது, பார்சல் கட்டுதீரா?" என்று கேட்டு ஒருவர் பாதியில் எழுந்து போனார். பையோடு தேய்த்ததில் அவருக்கு ஒரு முதுகும் பிடிபடவில்லை. பழைய ஆட்களிடமே ஊர் எதுவென்று கேட்க வேண்டியிருந்தது.

மாத்திரையை நிறுத்திய ஆறாம் நாள். சாரல் நல்ல கனமாக இருந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்த ஒரு பருத்த மனிதர் பாயில் கவிழ்ந்து படுத்தார். குற்றாலிங்கம் அவர் தோளில் கை வைத்தபோது உள்ளே எங்கோ ஒரு குளிர் கிளம்பியது. காலிலிருந்து ஏறி இடுப்புக்கு வந்து கைக்கு இறங்கியது. இரண்டு கையும் தடதடவென்று ஆடத் தொடங்கின. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. கையை எடுத்தால் ஆள் எழுந்து போய்விடுவாரோ என்று எடுக்காமல் இருந்தார்.

"ஆஹா" என்றார் கோவில்பட்டிக்காரர். "இது நல்லாருக்கே. இதுக்கு மிஷின்லாம் வச்சிருக்கானாம் மெட்ராஸ்ல. கொஞ்சம் கீழ வாரும்."

குற்றாலிங்கத்தின் பல் அடித்துக்கொண்டது. கை கீழே போனது.

"அங்கதான். அப்படியே நிப்பாட்டாமப் போடும். கையில என்னய்யா இம்புட்டுச் சூடு! ஒத்தடமும் சேத்தா?"

ஏழெட்டு நிமிடம் போட்டார். பிறகு அந்த முதுகின் மேலேயே சாய்ந்துவிட்டார். இதுவும் வைத்தியத்தில் ஒரு கட்டம் என்று நினைத்துக் கோவில்பட்டிக்காரர் சற்று நேரம் அசையாமல் கிடந்தார். விஜய்பாண்டிதான் பார்த்து ஓடிவந்து தூக்கினான். உடம்பு கொதித்தது.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசியைக் குத்திக் குழாய் போட்டார்கள். பரிசோதனைச் சீட்டுகள் வந்தன. கிருமி முன்னைவிடப் பலமாக இருந்தது. ஈரல் நன்றாக இருந்தது. காமாலை இல்லவே இல்லை. டாக்டர் ஸ்ரீவித்யா கட்டில் பக்கத்தில் நின்று, விஜய்பாண்டி சொன்னதை முழுதாகக் கேட்டார். பாட்டில், பருக்கை, அருவிக்கு முதுகு எல்லாவற்றையும் அவன் விடாமல் சொன்னான்.

"மாத்திரையை நிறுத்தினீங்க. விட்டமினை?"

"மூணாக்கினோம்" என்றான் விஜய்பாண்டி.

"அந்தச் சிவப்பு மாத்திரைதான் மஞ்சளாப் போறதுக்குக் காரணம். அதுல இருக்கிற ஒரு விட்டமின் உடம்புக்கு வேண்டியது போக மிச்சம் அப்படித்தான் வெளியே வரும். மூணு போட்டா மூணு மடங்கு மஞ்சளா வரும்."



"சொல்லவே இல்லையே டாக்டரம்மா" என்றார் குற்றாலிங்கம் மெல்ல.

"சொல்லலை. சொல்லியிருக்கணும். வெளியே கூட்டம்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா ரெண்டு கோடு போட்டேனே."

"கோடு போட்டீக" என்றாள் முத்துசெல்வி. "நானும் பாத்தேன். இவுகளும் பாத்தாக." பிறகு விஜய்பாண்டி பக்கம் திரும்பினாள். "நீ அரைக்கச் சொன்ன கீழாநெல்லி இன்னும் அரை படி கெடக்கு. வீட்டுக்கு வா, கரைச்சித் தாரேன். நின்னு குடிச்சிட்டுப் போ."



ஆறு நாள் ஊசி. கிட்னியில் தழும்பு விழுமா என்று குற்றாலிங்கம் கேட்டார். இப்போது சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். குற்றாலிங்கத்தின் கணக்கு வேறாக இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு, வீட்டில் ஓய்வு ஐந்து. பதினொரு நாள். ஒன்பதாம் நாள் அந்தப் படியில் எவன் உட்கார்ந்திருப்பான் என்று யோசித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு முதுகு வலி. அவரைத் திரும்பிப் படுக்கச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போகிற அன்று டாக்டர் மீதிக்கு மாத்திரை எழுதினார். குற்றாலிங்கம் சீட்டைப் பார்த்தார்.

"சத்துக்கு…"

"அண்ணாச்சி."

"இல்ல, வேண்டாம்னுதான் சொல்ல வந்தேன்."

பன்னிரண்டாம் நாள் காலை சண்டை போடுகிற மனத்தோடுதான் படிக்கட்டுக்குப் போனார். மூன்றாவது படியில் அவருடைய பாய் விரித்திருந்தது. மேலே ஆள் இல்லை. விஜய்பாண்டி தினமும் காலையில் இரண்டு பாய் விரித்திருக்கிறான். மற்ற நால்வரும் சத்தம் போட்டிருக்கிறார்கள். "பாய் விரிக்கணும்னுதான பேச்சு? ஆளு உக்காரணும்னு எவன் சொன்னான்?" என்று கேட்டிருக்கிறான். இரண்டாம் படிக்காரர், இனிமேல் அந்தப் பேச்சையே மாற்றி வைக்க வேண்டும் என்று இன்னும் முனகிக்கொண்டிருந்தார்.

"கோவில்பட்டிக்காரரு ரெண்டு மச்சினனோட வந்தாரு அண்ணாச்சி" என்றான் விஜய்பாண்டி. "நடுக்கம் போடுத ஆளு எங்கன்னு கேட்டாரு. நான் போட்டுப் பாத்தேன். வரல."

"அது வரக் கூடாதுலே."

அன்று நல்ல கூட்டம். எட்டரைக்கு ஒரு முதுகு முடிந்தபோது இன்னும் மூன்று பேர் சட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டு அவருக்காக நின்றார்கள். எட்டரைதான் மாத்திரை நேரம். சாப்பிட்ட பிறகு போட வேண்டும். அதோடு காலையிலிருந்து குடித்த இரண்டு பாட்டில் தண்ணீர் அடிவயிற்றில் நின்றது. விஜய்பாண்டியின் பாய் காலியாக இருந்தது. அவன் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

குற்றாலிங்கம் மூன்று முதுகையும் பார்த்தார். நல்ல முதுகுகள். ஒன்று சாத்தூர்.

"இருங்க, வந்துருதேன்" என்று சொல்லி எழுந்தார்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். முத்துசெல்வி கட்டிக்கொடுத்த நான்கு இட்லியையும் மென்று தின்றார். வெள்ளை மாத்திரையை விழுங்கினார். மேலே ஒரு டம்ளர் தண்ணீர். பிறகு கழிப்பறைக்குப் போனார். அங்கே வரிசை இருந்தது. நின்றார். முடித்தபோது குனிந்து பார்த்தார். மஞ்சள் இல்லை, வெறும் பச்சைத் தண்ணீர்.

திரும்பி வரும்போது விஜய்பாண்டியின் பாயில் ஒருவர் குப்புறக் கிடந்தார். சாத்தூர்க்காரர் ஐந்தாவது படிக்குப் போயிருந்தார். மூன்றாமவர் மட்டும் குற்றாலிங்கத்தின் படியிலேயே இருந்தார். உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருந்தார்.

குற்றாலிங்கம் அவரை எழுப்பவில்லை. உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தார்.